முதல் ரிமோட் ஹெலிகொப்டர் எதை வாங்குவது? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

போன கிழமை விடிய மைதானத்தில் ஹெலி விட்ட வீடியோவைப் போட்டதில் இருந்து ஒரே கேள்வி பல விதமாக வந்துகொண்டிருக்கிறது: முதலாவதாக எதை வாங்கலாம்? ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதி முடியாது, அதனால் எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் நம் திருகோணமலைப் பக்கம்தான், பெயர் போடவில்லை, ஊர் மட்டும்.

உவர்மலை: அண்ணா, தலைகீழாக நின்று சுழலும் ஹெலி ஒன்றுக்குக் காசு சேர்த்துவிட்டேன். சின்னதில் காசைக் கரைக்காமல் நேரே அதையே வாங்கினால் என்ன?

வேண்டாம் தம்பி. நீங்கள் பார்த்தது ஆறு சானல் வகை (சானல் என்பது ரிமோட்டில் தனித்தனியாக இயக்கும் கட்டுப்பாடு), அதில் பறக்கும்போதே பிளேட்டின் (மேலே சுற்றும் இறக்கையின்) சாய்வுக் கோணம் மாறும், கோணத்தைக் கூட்டினால் ஏறும், மறுபக்கம் திருப்பினால் தலைகீழாகவும் நிற்கும். கை பழகினவருக்கு அது சொர்க்கம். பழகாதவர் பயந்து ரிமோட்டின் குச்சியை ஒரேயடியாகக் கீழே இழுத்தால் அது சும்மா இறங்காது, நிலத்துக்குள் தன்னைத் தானே குத்திக்கொள்ளும். 450 என்ற அளவு வகை ஹெலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிளேட் ஒன்றின் நீளம் கிட்டத்தட்ட 325 மில்லிமீற்றர், நிமிடத்துக்கு 2500 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் போகும். அது கையில் பட்டால் என்ன நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. ஒரு தடவை விழுந்தாலே பிளேட், நடுத் தண்டு, வால் குழாய், பெரிய பற்சில்லு எல்லாம் ஒன்றாகப் போகும், பிறகு பார்சல் வரும்வரை ஹெலி மேசையில் கிடக்கும். நான் தொடங்கியதும் அப்படித்தான், பெரியதாக வாங்கி மூன்றாம் நாளே உடைத்து இரண்டு மாதம் சாமானுக்குக் காத்திருந்தேன். அந்த இரண்டு மாதத்தில் சின்னது ஒன்று கையில் இருந்திருந்தால் ஹோவர் (அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்துவது) பழகி முடித்திருப்பேன்.

நான்கு சானல், ஒற்றை ரோட்டர் (மேலே சுற்றும் பிளேட் தொகுதி ஒன்று மட்டும்), கோணம் மாறாத பிளேட் உள்ள சின்ன ஹெலி ஒன்றை வாங்குங்கள். டபிள்யூஎல் டோய்ஸ் வி911 வகை நல்ல தொடக்கம். நிறை மிகக் குறைவு என்பதால் விழுந்தாலும் பெரும்பாலும் எடுத்துத் திரும்பவும் விடலாம். சேர்த்த காசில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள், அது உதிரிப்பாகத்துக்கும் மேலதிக பற்றரிக்கும். பறக்க வைத்து, பக்கவாட்டிலும் போய், ஹெலியின் முகம் உங்களைப் பார்த்தபடியும் நிறுத்த வந்த பிறகு எக்ஸ்கே கே110 மாதிரி ஆறு சானலுக்குப் போகலாம்.

கிண்ணியா: என் மகனுக்கு எட்டு வயது, பிறந்தநாளுக்கு ஹெலி கேட்கிறான். இவ்வளவெல்லாம் அவனுக்குத் தேவையா?

தேவையில்லை அக்கா. அவனுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரோட்டர் உள்ளதை வாங்கிக் கொடுங்கள், சைமா எஸ்107 அந்த வகை. மேல் பிளேட்டும் கீழ் பிளேட்டும் எதிரெதிராகச் சுற்றுவதால் ஒன்றின் முறுக்கை மற்றது சமன் செய்துவிடும், கையை விட்டாலும் ஓரளவு தானாக நிற்கும். மூன்று சானல்தான், பக்கவாட்டாகப் போகாது. ரிமோட் இன்ஃப்ராரெட் என்பதால் வெயிலில் கட்டுப்பாடு அறுந்துவிடும், வெளியில் லேசான காற்றே தூக்கிக்கொண்டு போய்விடும், ஆகவே ஹோலுக்குள் மட்டும், ஃபானை நிறுத்திவிட்டு. சின்னப் பிள்ளைகளின் முகத்துக்குக் கிட்ட விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கிட்ட நிற்பவர்களுக்கு நீளமான முடி என்றால் கட்டிவிடுங்கள்.

ஆனால் ஒன்று, இதில் பழகியதை வைத்து ஒற்றை ரோட்டர் விட வந்துவிட்டது என்று பெரியவர்கள் நினைக்கக் கூடாது. அது வேறு பழக்கம்.

லிங்கநகர்: ட்ரோன் விடத் தெரியும். ஹெலியும் அதே மாதிரித்தானே?

இல்லை. ஜிபிஎஸ் உள்ள ட்ரோனில் கையை எடுத்தால் அது அங்கேயே நிற்கும். ஒற்றை ரோட்டர் ஹெலியில் கையை எடுத்தால் அது நகரத் தொடங்கும், நகரத் தொடங்கினால் வேகம் கூடும், நீங்கள் ஒவ்வொரு நொடியும் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் எனக்கு இது பிடிக்கும். இப்போது ஆர்சி எரா சி186 மாதிரி உயரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் நான்கு சானல் ஹெலிகளும் வருகின்றன, அதில் தொடங்குவதில் தவறில்லை, முதல் கிழமையே பறக்கும் சந்தோஷம் கிடைக்கும். ஆனால் த்ரொட்டிலை (ஹெலியை ஏற்றி இறக்கும் குச்சியை) அளவாகப் பிடிக்கும் பழக்கம் அதில் வராது, அதைப் பிறகு தனியாகப் பழக வேண்டிவரும்.

உப்புவெளி: ஹோட்டலில் வேலை, கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கேயே பழகலாமா?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் எந்த ஹெலி வாங்குவது என்பதையே காற்றும் மணலும்தான் தீர்மானிக்கின்றன. மே தொடங்கி செப்டெம்பர் வரை கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது பகலில் சின்ன ஹெலியை வெளியில் எடுக்கவே முடியாது. வருடக் கடைசியில் வாடையும் மழையும். எந்த மாதமானாலும் வெயில் ஏற ஏறக் கடற்காற்று வந்துவிடும். நமக்கு மிஞ்சுவது விடிந்து ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம், அவ்வளவுதான். அந்த நேரத்தில் மரத்தின் நுனி இலை அசையாவிட்டால் விடுங்கள், அசைந்தால் வீட்டுக்குப் போங்கள். இதற்காகவே பெரிய ஹெலி வாங்கலாம் என்று சிலர் சொல்வார்கள், நிறை கூடினால் காற்றைத் தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் பழகாத கைக்குப் பெரியதைக் கொடுக்க அது காரணமாகாது. சின்னதை ஹோலுக்குள்ளும் விறாந்தையிலும் பழகிவிட்டு வெளியே வாருங்கள்.

மணல் அடுத்த தொல்லை. புல்மோட்டையில் இல்மனைட் எடுக்கிறார்களே, அந்த மாதிரிக் கறுப்பு மணல் நம் கரையில் வேறு இடங்களிலும் வரிவரியாகக் கிடக்கும், அதில் இரும்பு இருப்பதால் மோட்டரின் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஊதியும் போகாது, துடைத்தும் போகாது, கொஞ்ச நாளில் மோட்டர் கரகரக்கத் தொடங்கும். உப்புக் காற்று பெயாரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். ஆகவே கடற்கரை வேண்டாம், புல் உள்ள மைதானத்துக்குப் போங்கள். வேறு வழியே இல்லை என்றால் பெரிய பாய் ஒன்றை விரித்து அதன்மேல் ஏற்றி இறக்குங்கள், வீட்டுக்கு வந்ததும் தூரிகையால் துடைத்து மூடியுள்ள பெட்டியில் வையுங்கள்.

சீனன்குடா: எங்கள் வீட்டுப் பக்கம் விடலாமா? பொலிஸ் பிடிக்குமா?

உங்கள் பக்கம் வீட்டுக்குள் மட்டும். விமானப்படைத் தளமும் ஓடுபாதையும் இருக்கும் இடத்தில் கையளவு ஹெலியாக இருந்தாலும் வெளியில் எடுக்காதீர்கள். அதேபோல் டொக்யாட் (கடற்படைத் தளம்) பக்கமும் பிரெட்ரிக் கோட்டையும், அங்கே படை முகாமும் உண்டு, கோயிலுக்கு வரும் கூட்டமும் உண்டு, மான்களும் மிரளும். 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிறகு ட்ரோன் உட்பட ஆளில்லாமல் பறக்கும் எல்லாவற்றையும் நாடு முழுக்கத் தடை செய்தார்கள், அது பிறகு தளர்ந்தாலும் வானத்தில் எதையாவது கண்டால் கேள்வி வரும். வெளியில் விடப் போகிறீர்கள் என்றால் வாங்குவதற்கு முன்பே சிவில் விமானச் சேவை அதிகாரசபையிடம் நிறை எவ்வளவு என்று சொல்லி என்ன அனுமதி வேண்டும் என்று கேளுங்கள், மைதானப் பொறுப்பாளரிடமும் ஒரு வார்த்தை.

தம்பலகாமம்: மோட் 1, மோட் 2 என்று கேட்கிறார்கள். எதை எடுப்பது?

மோட் 2. மோட் என்பது ரிமோட்டில் எந்தக் கட்டுப்பாடு எந்தக் கையில் என்பது, இதில் த்ரொட்டில் இடது கையில் வரும். இங்கே எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் அதுதான், பிழை வந்தால் ரிமோட்டை வாங்கித் திருத்திக் காட்டவும் ஆள் இருக்கும். கை பழகிய பிறகு மாற்றுவது கஷ்டம்.

மூதூர்: வாங்கிவிட்டேன் சேர், நிலத்தில் இருந்து ஒரு சாண் ஏறியதும் அங்கும் இங்கும் ஓடுகிறது. ஹெலியில் பிழையா?

பெரும்பாலும் பிழை இல்லை. நிலத்துக்கு மிகக் கிட்ட, ரோட்டரின் விட்டத்துக்குள்ளான உயரத்தில், தான் தள்ளிய காற்றின்மேலேயே நிற்பதால் அது வழுக்கும். பயந்து அந்த உயரத்திலேயே வைத்திருப்பதுதான் பிரச்சினை. இடுப்பளவு உயரத்துக்கு ஏற்றுங்கள், அமைதியாகும். வால் எப்போதும் உங்கள் பக்கம் இருக்கட்டும், அப்போது அதன் வலதும் உங்கள் வலதும் ஒன்று. அப்படி ஒரு பற்றரி முழுக்க ஒரே இடத்தில் நிறுத்த வந்த பிறகு மெதுவாகப் பக்கம் திருப்புங்கள், முகம் உங்களைப் பார்ப்பது கடைசி. கீழே நான்கு பக்கமும் குச்சி நீட்டிப் பந்து செருகினால் சரிந்து விழாது. கணினி இருந்தால் சிமுலேட்டர் (திரையில் ஹெலி விட்டுப் பழகும் மென்பொருள்) ஒன்றையும் போடுங்கள், அதில் ஆயிரம் தடவை விழுந்தாலும் செலவில்லை. விழப் போகிறது என்று தெரிந்தால் த்ரொட்டிலை முழுக்க வெட்டுங்கள், சுற்றிக்கொண்டே விழுந்தால்தான் பற்சில்லு உடையும்.

அனுராதபுரச் சந்தி: பற்றரி ஊதிவிட்டது, இன்னும் பறக்கிறது. பாவிக்கலாமா?

கூடாது, இன்றைக்கே நிறுத்துங்கள். லிப்போ (லித்தியம் பொலிமர் பற்றரி) செல் ஒன்று முழுதாக 4.2 வோல்ட், அதைக் கிட்டத்தட்ட 3.3-க்குக் கீழே இறக்காதீர்கள், சும்மா வைப்பதென்றால் 3.8 அளவில் வையுங்கள். சார்ஜில் போட்டுவிட்டு நித்திரைக்குப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் ஓட்டோவிலோ காரிலோ விட்டுவிட்டும் போகாதீர்கள்.

நிலாவெளி: கனடாவில் இருந்து மாமா அடுத்த மாதம் வருகிறார், என்ன வேண்டும் என்று கேட்டார். என்ன சொல்ல?

ஹெலி ஒன்று என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர் கடையில் பெரிய பெட்டியாகப் பார்த்து வாங்கிவிடுவார். ஹெலியின் பெயரையும் இலக்கத்தையும் எழுதி, அதே ஹெலிக்குரிய பிளேட் இரண்டு சோடி, வால் பிளேட், நடுத் தண்டு, பெரிய பற்சில்லு, வால் மோட்டர், பற்றரி மூன்று என்று பட்டியலாக அனுப்புங்கள். தனிப் பற்றரிகளைச் சூட்கேசில் போடக் கூடாது, கையோடு கொண்டுவரும் பையில்தான் வர வேண்டும், ஒவ்வொன்றின் முனையிலும் டேப் ஒட்டச் சொல்லுங்கள்.