ஒரு பாப் பாட்டு எப்படி ஒரு நகரத்தின் அறிவிக்கப்படாத கீதமாகிறது?

கேள்வியைப் பார்த்தால் நீங்களும் ஏதோ ஒரு விழாக் குழுவில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. 'நம்ம நகரத்துக்கு ஒரு பாட்டு போடணும், சின்னக் குழந்தைகூடப் பாடணும்' என்று யாரோ உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டிருந்தால் மன்னிக்கவும். எனக்கு இந்த விஷயத்தில் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன்.

நேரடிப் பதில் முதலில். நகரத்தைப் பற்றி எழுதியதால் ஒரு பாட்டு அந்த நகரத்தின் கீதமாவதில்லை. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், திரும்பத் திரும்ப ஒலிக்க வேண்டும். பாடத் தெரியாதவனும் கூடச் சேர்ந்துகொள்ள அதில் இடம் இருக்க வேண்டும்.

பாஸ்டனைப் பாருங்கள். 'ஸ்வீட் கேரோலைன்' நீல் டயமண்ட் 1969-இல் பாடியது. பாட்டில் பாஸ்டன் என்ற பேச்சே கிடையாது. அவர் பிறந்தது நியூயார்க்கின் புரூக்ளினில். பாஸ்டன் பேஸ்பால் ரசிகர்களுக்கு நியூயார்க் என்றாலே ஆகாது என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். பாஸ்டன் பேஸ்பால் அணியின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கில் அந்தப் பாட்டை முதலில் எப்போதாவதுதான் போட்டார்கள். 2002 முதல் ஒவ்வொரு ஆட்டத்திலும் எட்டாவது இன்னிங்ஸின் (பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) நடுவில் தவறாமல் போட ஆரம்பித்தார்கள். கூட்டம் தொண்டை கிழியப் பாடுகிற 'பா பா பா' பாட்டின் வரியே இல்லை, அது ஊதுவாத்தியங்கள் வாசிக்கும் ஒரு துண்டு. அதற்கப்புறம் மூன்று முறை 'ஸோ குட்' என்று கத்துவார்களே, அதுவும் கூட்டமே சேர்த்துக்கொண்டது. 2013 ஏப்ரல் 15-இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. மறுநாள் நியூயார்க் யாங்கீஸ் அணியே தன் மைதானத்தில் அந்தப் பாட்டைப் போட்டது. 20-ஆம் தேதி டயமண்ட் நேரில் ஃபென்வேக்கு வந்து பாடினார். அதோடு முடிந்தது, இனி அந்தப் பாட்டை அந்த நகரத்திடமிருந்து யாராலும் பிடுங்க முடியாது.

மான்செஸ்டரிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஒயாசிஸ் குழுவின் 'டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்' 1996-இல் வெளியானபோதே பெரிய ஹிட். குழு அந்த நகரத்தது என்பது சரி, பாட்டில் நகரம் இல்லை. 2017 மே மாதம் அங்கே அரினா என்ற இசை அரங்கில் குண்டுவெடிப்பு நடந்த சில நாளில் செயின்ட் ஆன்ஸ் சதுக்கத்தில் கூடியவர்கள் ஒரு நிமிட மௌனம் காத்தார்கள். மௌனம் முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு பெண் மெதுவாக அந்தப் பாட்டை எடுத்தார், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். எந்த அலுவலகமும் உத்தரவு போடவில்லை.

இனி என் கதை. நான் மேடைக்கும் விளம்பரத்துக்கும் பாட்டு எழுதுகிறவன். பெரிய பெயர் எல்லாம் இல்லை, தேட வேண்டாம். ஒரு நகரத்தின் ஆண்டு விழாவுக்குப் பாட்டு எழுதித் தரச் சொன்னார்கள். எந்த நகரம் என்று சொல்ல மாட்டேன். நான் கொண்டுபோன முதல் வடிவத்தில் பல்லவி மொத்தம் நாலே சொல். நடுவில் கூட்டம் கை தட்ட இரண்டு அட்சரம், அதாவது தாளத்தில் இரண்டு தட்டு, வெற்றிடம் விட்டிருந்தேன். குழுவில் ஒருவர், 'இதுல நம்ம பாலம் எங்க?' என்று கேட்டார். அடுத்த கூட்டத்தில் மணிக்கூண்டு வந்தது. அதற்கடுத்ததில் நூலகம், ரயில் நிலையம், புதிதாகத் திறந்த பூங்கா. சரணத்துக்குள் நகர வரைபடமே வந்துவிட்டது. கைதட்டலுக்கு விட்ட இடத்தில் 'வளர்ச்சி' என்ற சொல்லைச் செருகினார்கள். இசையமைப்பாளர், பாவம், பாடகரின் குரல்வளத்தைக் காட்டத் தாரஸ்தாயியில், அதாவது உச்சக் குரலில், ஒரு சங்கதி வைத்தார். ஒன்றரை ஸ்தாயிக்கு (ஸ-வில் தொடங்கி மேல் ஸ வரை ஒரு ஸ்தாயி) மேல் ஓடும் மெட்டைப் பொதுக்கூட்டம் எப்படிப் பாடும்?

விழா நாளில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். வந்தவர் பேசினார், அவரை வரவேற்றவரும் மறுபடி பேசினார். நேரமில்லை என்று பாட்டை முதல் சரணத்தோடு வெட்டிவிட்டார்கள். அப்புறம் ஒலிபெருக்கிக்காரர் இடைவெளியை நிரப்ப ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போட்டார். மைதானம் முழுக்கப் பாடியது! காணொளி வெளியானபோது அதன் கீழே குழு உறுப்பினர்கள் அத்தனை பேருடைய பெயரும் இருந்தது. என் பெயர் இல்லை, அந்த ஒலிபெருக்கிக்காரர் பெயரும் இல்லை. கேட்டதற்கு, 'இடம் போதலை' என்றார்கள். இணையத்தில் இடம் போதவில்லையாம். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கருத்துப் பெட்டியில் எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதலாம்.

'வயிற்றெரிச்சலில் சொல்கிறான், நகரத்தின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாட்டுகள் ஜெயிக்கவில்லையா?' என்று சிலர் வருவார்கள். ஜெயித்திருக்கின்றன. 'நியூயார்க், நியூயார்க்' 1977-இல் ஒரு படத்துக்காக எழுதப்பட்டது. படத்தில் பாடியவர் லைசா மினெலி. ஃபிராங்க் சினாட்ரா 1979-இல் மறுபடி பதிவு செய்த பிறகுதான் அது இன்று நாம் கேட்கிற உயரத்துக்குப் போனது. அதில் எத்தனை கட்டடம், எத்தனை பாலம் வருகிறது என்று தேடிப் பாருங்கள். அங்கே போய் ஜெயித்துக் காட்டுகிறேன் என்று ஒருவன் வீம்பு பேசுகிறான், அவ்வளவுதான். 'ஐ லெஃப்ட் மை ஹார்ட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ'வில் டிராம், மூடுபனி, மலை எல்லாம் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை எழுதிய இருவரும் அப்போது நியூயார்க்கில் உட்கார்ந்து அந்த நகரத்துக்காக ஏங்கிக்கொண்டிருந்தவர்கள். டோனி பென்னட்டின் 1962 இசைத்தட்டில் அது பின்பக்கத்துப் பாட்டு, முன்பக்கத்தில் இருந்த முக்கியப் பாட்டு வேறு. நகராட்சி அதற்கு அதிகாரபூர்வப் பாட்டு என்று முத்திரை குத்தியது 1969-இல், மக்கள் ஏற்றுக்கொண்டு பல வருடம் கழித்து.

இன்னொன்று, திட்டுகிற பாட்டும் நிற்கும். 'டர்ட்டி வாட்டர்' பாஸ்டன் ஆற்றின் அழுக்கைப் பாடுகிறது, பாடியது லாஸ் ஏஞ்சலஸ் குழு. பாஸ்டன் அணி ஜெயித்தால் இன்றும் மைதானத்தில் அதைத்தான் போடுகிறார்கள். 'தமிழில் உதாரணமே இல்லையா' என்று கேட்பவர்களுக்கு, 1967-இல் வந்த 'மெட்ராஸ் நல்ல மெட்ராஸ்' முழுக்க நகரத்தைக் கிண்டலடிப்பதுதான். எந்த விழாக் குழுவும் அதை அனுமதித்திருக்காது.

ஆகவே உங்கள் குழு ஒரு பட்டியலை நீட்டினால் வாங்காதீர்கள். பல்லவியைச் சின்னதாக வையுங்கள், ஒரு ஸ்தாயிக்குள் அடக்குங்கள், வாத்தியத்துக்கு ஒரு இடம் விடுங்கள். ஒலிபெருக்கிக்காரரிடம் நட்பாக இருங்கள், எதை எப்போது திரும்பப் போடுவது என்பது அவர் கையில்தான். பெயர் எங்கே, எப்படி வரும் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.