டிஷ்ஷா, ஸ்ட்ரீமிங்கா? முதலில் ஜிப் கோடைப் பாருங்கள்

கேள்வி: சிகாகோவில் எட்டு வருஷம் இருந்துவிட்டு, வேலை மாறியதால் அயோவா மாநிலம் டிமாய்னுக்கு வந்திருக்கிறோம். பையனுக்கு சிகாகோவின் பேஸ்பால் அணியான கப்ஸின் ஆட்டம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். வெளியூர் அணிகளின் பேஸ்பால் பார்க்க சாட்டிலைட்டில் எம்எல்பி (மேஜர் லீக் பேஸ்பால்) எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் என்ற கட்டணத் தொகுப்பைப் போடலாம் என்கிறார் கணவர். எம்எல்பி.டிவி ஸ்ட்ரீமிங் போதும் என்கிறேன் நான். எது லாபம்?

பதில்: இரண்டுமே வேண்டாம். கப்ஸுக்காகத்தான் என்றால் காசு தண்டம்.

இரண்டு சந்தாவும் வெளியூர் அணிகளின் நேரலைக்குத்தான். எது வெளியூர் அணி என்று தீர்மானிப்பது தூரம் அல்ல, லீக் வைத்திருக்கும் ஜிப் கோடு (அமெரிக்க அஞ்சல் குறியீடு) பட்டியல். சிகாகோ உங்களுக்கு ஐந்து மணி நேரக் கார்ப் பயணம். ஆனால் அந்தப் பட்டியலில் கப்ஸ் உங்கள் உள்ளூர் அணி. அயோவாவுக்கென்று ஒரு மேஜர் லீக் அணிகூடக் கிடையாது. ஆனாலும் கப்ஸ், ஒயிட் சாக்ஸ், கார்டினல்ஸ், ராயல்ஸ், ட்வின்ஸ், ப்ரூவர்ஸ் என்று ஆறு அணிகள் அந்த மாநிலத்துக்கு உரிமை கொண்டாடுகின்றன. இந்த ஆறில் ஒன்று எந்த ஊரில் ஆடினாலும் இந்தச் சந்தாக்களில் உங்கள் வீட்டில் நேரலை வராது; இந்தத் தடைக்குப் பெயர் பிளாக்அவுட். டிஷ்ஷிலும் அதே கதை, ஸ்ட்ரீமிங்கிலும் அதே கதை. 30 அணிகளும் ஆடும் நாளில் 15 ஆட்டம்; ஆறும் தனித்தனி ஆட்டத்தில் இருந்தால் மிச்சம் ஒன்பதுதான்.

காரணம் பணம். உள்ளூர் சேனல்கள் பெரும் தொகை கொடுத்து அந்தப் பகுதியைத் தங்களுக்கே என்று வாங்கி வைத்திருக்கின்றன. 2012-இல் ரசிகர்கள் வழக்கே போட்டார்கள். 2016-இல் சமரசம் ஆனபோது எம்எல்பி.டிவியின் விலை குறைந்தது, ஒரே அணிக்கான மலிவுச் சந்தாவும் வந்தது. பிளாக்அவுட் மட்டும் அசையவில்லை.

எம்எல்பி.டிவியில் ஆட்டம் முடிந்து சுமார் 90 நிமிடம் கழித்து முழுப் பதிவு கிடைக்கும். ஏழு மணி ஆட்டம் முடிய பத்து மணியாகும்; அதற்கு மேல் ஒன்றரை மணி நேரம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இது சரிப்படுமா?

உங்களுக்கு வேண்டியது கப்ஸின் சொந்த சேனலான மார்க்கீ. அதன் செயலியை மாதச் சந்தாவில் நேரடியாக விற்கிறார்கள். உங்கள் ஜிப் கோடைப் போட்டுப் பார்த்து, கிடைக்கிறது என்று வந்தால் மட்டும் கார்டைக் கொடுங்கள். சீசன் மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசியோடு முடிகிறது. அக்டோபரில் மறக்காமல் நிறுத்திவிடுங்கள். மார்க்கீ இருந்தாலும், தேசிய சேனல்கள் தனியுரிமையாக எடுத்துக்கொண்ட சில ஆட்டங்கள் அதில் வராது.

பையன் இந்த ஆறில் இல்லாத பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் ரசிகனாக இருந்தால் உங்கள் சண்டைக்கு அர்த்தம் உண்டு. அப்போது என் ஓட்டு உங்களுக்குத்தான். எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் தனியாக வராது. மாதாமாதம் கட்டும் டிஷ் பேக்கேஜின் தலையில் உட்காரும் கூடுதல் செலவு அது. ஏற்கெனவே டிஷ் இருக்கும் வீட்டுக்கு வேண்டுமானால் பரவாயில்லை. வாங்குமுன், உங்கள் செல்போன் டி-மொபைல் என்றால் சீசன் தொடக்கத்தில் அவர்கள் செயலியைத் திறந்து பாருங்கள், எம்எல்பி.டிவியைப் பல வருஷமாக வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவருகிறார்கள்.

கணவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஸ்ட்ரீமிங் கொஞ்சம் பின்தங்கி ஓடும். திரையில் பந்து வீசும் பிட்சர் இன்னும் கையை ஓங்கியிருப்பார். மேஜையில் கிடக்கும் போன் அதிர்ந்து ‘ஹோம் ரன்’ என்று சொல்லிவிடும். என் வீட்டில் ஆட்டம் முடியும்வரை போன்கள் சமையலறையில்தான்.

இன்னொன்று, உங்கள் ஊரிலேயே அயோவா கப்ஸ் ஆடுகிறது. கப்ஸுக்கு நேர் கீழ்ப்படி அணி அது. நாளைக்குச் சிகாகோவில் ஆடப்போகிற பையன்களை இன்றைக்கே அவர்கள் மைதானமான பிரின்சிபல் பார்க்கில் பக்கத்திலிருந்து பார்க்கலாம்.

கேள்வி: இருக்கும் இடத்தை மறைத்துக் காட்டும் விபிஎன் போட்டால் பிளாக்அவுட்டை ஏமாற்றலாமாமே?

பதில்: சந்தா ஒப்பந்தத்துக்கு விரோதம். கணக்கை முடக்கினால் கட்டிய பணத்தைக் கேட்க வாய் இருக்காது. நான் சொல்லித்தர மாட்டேன்.