அமெரிக்காவின் யு.எஸ். 50 நெடுஞ்சாலையில் காரில் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: நெவாடாவின் ரீனோவிலிருந்து யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஐ-80 பெருஞ்சாலையை விட்டுவிட்டு யு.எஸ். 50-ல் போகலாமா? பெட்ரோல் கிடைக்குமா?

பதில்: தாராளமாகப் போகலாம். பெட்ரோல் ஊர்களில்தான். ஃபாலனை விட்டால் ஆஸ்டின் 110 மைல்; அடுத்து யுரேகா 70, ஈலி 77. ஈலியிலிருந்து யூட்டாவின் டெல்டா 150. டேங்க் பாதி இருந்தாலும் ஒவ்வொரு ஊரிலும் நிரப்பிவிடுங்கள். ஆஸ்டினில் பம்ப் ஓடாவிட்டால் யுரேகா வரை இழுக்கணும், அதனால் ஃபாலனில் 180 மைலுக்குக் கணக்குப் போடுங்கள். வழியெல்லாம் மலை ஏறி இறங்கும். எதிர்க்காற்றும் சேர்ந்தால் மைலேஜ் விழும். பம்பில் 85 ஆக்டேன் என்ற தரம் குறைந்த பெட்ரோல் மலிவாக இருக்கும். மலைப் பக்கம் அதைப் போடுவது பழைய கார்புரேட்டர் எஞ்சின் காலத்து வழக்கம். உங்கள் வண்டிக் கையேட்டில் 87 என்றிருந்தால் 87-தான்.

கேள்வி: வெள்ளை வெளேரென்று உப்புத்தரை தெரிகிறதே, காரை இறக்கிப் போட்டோ எடுக்கலாமா சார்?

பதில்: இறங்கி நடந்து எடுங்கள், வண்டி ரோட்டோரமே நிற்கட்டும். மேலே அப்பளம் மாதிரி ஒரு பொருக்கு, அடியில் களிமண். மழை பெய்து பல நாள் ஆனாலும் அடியில் ஈரம் இருக்கும். குதிகாலை ஊன்றினால் பொருக்கு உடைந்து சேறு தெரிகிறதா? கார் அச்சு வரை இறங்கிவிடும். மாட்டிக்கொண்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள், சக்கரம் சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும். டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கி, சக்கரத்தடியில் கார் மேட்டைச் செருகி, வந்த தடத்திலேயே மெல்லப் பின்னால் எடுங்கள். பிறகு காற்றடிக்க 12 வோல்ட் பம்ப் வேண்டும். அது இல்லாமல் காற்றை இறக்காதீர்கள்.

கேள்வி: ஈலியில் ராத்தங்கல். அறையில் அடுப்பு உண்டு, பருப்பு வேகுமா அண்ணா?

பதில்: குக்கர் இருந்தால் வேகும். 6,400 அடி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு படுத்தி எடுக்கும்.

கேள்வி: கைக்குழந்தைக்குக் காது அடைக்குமா?

பதில்: இறக்கத்தில் அடைக்கலாம். கணவாய் உச்சியில் ஓரங்கட்டிப் பசியாற்றுவதைவிட, இறங்கும்போது சூப்பானைக் கொடுங்கள். சப்பி விழுங்கினால் காது திறக்கும்.

கேள்வி: ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். வேலியில்லா மேய்ச்சல் நிலம். கறுப்பு மாடு ஹெட்லைட்டில் கடைசி நொடியில்தான் தெரியும். இடித்தால் மாட்டுக்காரரிடம் நஷ்டஈடும் கேட்க முடியாது. பொழுது சாய்வதற்குள் ஊர் சேருங்கள். யூட்டா ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அக்காவிடம் நேரம் சொல்லும்போது அதைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஊர்களுக்கு நடுவே சிக்னல் போய்விடும், ஈலியிலிருந்தே ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள்.