வாசகர் கேள்வி பதில்: ரயில் பார்க்கப் போகும் விடுமுறை

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. ரயில் என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். எஞ்சின் எண்களைக் கூட நோட்டுப் புத்தகத்தில் எழுதிச் சேர்க்கிறான். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் சில நாள்கள் ரயில் பார்க்கவே போக வேண்டும் என்கிறான். என் கணவரோ, "ஈடிஎஸ் விரைவு மின்ரயிலில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். அதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்கிறார். நம் நாட்டில் நீராவி ரயில் இன்னும் ஓடுகிறதா?
(வாசகி, புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: ஒரே மூச்சில் போனால் உங்கள் கணவர் சொல்வது சரிதான். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் பேராக் மாநிலம் முழுவதும் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைந்துவிடும். அதனால் அந்த நான்கு மணி நேரத்தை நான்கு நாளாக நீட்டுங்கள் என்பதே என் யோசனை.

முதல் நாளுக்கு எங்கும் போக வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரே ஒரு சந்திப்பு. பாடாங் பெசார் செல்லும் பாதையும் பட்டர்வொர்த் பாதையும் அங்கேதான் பிரிகின்றன. கொள்கலன் ஏற்றிய சரக்கு ரயில்களை இழுத்து வரும் டீசல் எஞ்சின்களின் எண்களை மகன் கவனிக்கட்டும். முதல் இரண்டு இலக்கங்கள் எஞ்சினின் வகையைச் சொல்லும்: 26 என்று தொடங்கினால் 'புளூ டைகர்' எனப்படும் வகை, 29 என்றால் சீனாவின் தாலியனில் கட்டியது. அன்று மாலையே ஃபெரியில் ஜார்ஜ்டவுனுக்குப் போய், வெல்ட் கீயில் மணிக்கூண்டோடு நிற்கும் சுங்கத்துறைக் கட்டடத்தைக் காட்டுங்கள். 1907-இல் எழுந்த அது ரயில் நிலையமாகவே இருந்தது. தண்டவாளம் எட்டாத தீவில் டிக்கெட் வாங்கிக்கொண்டு, கடலைக் கடந்து எதிர்க்கரையில் ரயில் பிடித்தார்கள். நேரம் இருந்தால் 1923 முதல் ஓடும் கொடிமலை ரயிலையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளில் இரண்டு வண்டிகள் மாட்டப்பட்டிருப்பதால் ஒன்று ஏறும்போது மற்றது இறங்குவதையும், நடுவழியில் இரண்டும் ஒன்றையொன்று விலகிச் செல்வதையும் 12 வயதுப் பையன் மறக்க மாட்டான். கூட்டத்துக்கு அஞ்சுபவர்கள் காலை முதல் வண்டியிலேயே ஏறிவிட வேண்டும்.

இரண்டாம் நாள் தைப்பிங்வரை, ஊர் ஊராக நின்று செல்லும் கொமுட்டர் ரயிலில் போங்கள். ஈடிஎஸ்ஸைவிட மெதுவாகப் போவதுதான் அதன் சிறப்பு. பாகான் செராயைத் தாண்டியதும் ரயில் புக்கிட் மேரா ஏரியின் நடுவே செல்லும்போது இருபுறமும் தண்ணீராக இருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு மகனுக்குச் சன்னலோர இடம் கிடைக்க வேண்டும். மலாயாவின் முதல் ரயில் பாதை தைப்பிங்கிலிருந்துதான் 1885 ஜூன் 1-ஆம் தேதி தொடங்கியது. ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டு செல்வதற்காக 13 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில், இன்று கோலா செப்பெத்தாங் எனப்படும் போர்ட் வெல்ட்வரை அது போடப்பட்டது. பாதை போய்விட்டது, ஆனால் நிலையத்தின் பெயர்ப் பலகை அங்கே காப்பிக்கடைக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. ஜாவி, ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும் அந்தப் பலகைக்காகவே நான் இவ்வழியைச் சொல்கிறேன் என்று வைத்துக்கொண்டாலும் தவறில்லை.

மூன்றாம் நாள் பெர்ராப்பிட் மலையின் சுரங்கப் பாதை வழியாகக் கோலகங்சாருக்குப் போய், அங்கிருந்து கார் பிடித்துக் காராய் என்ற சிற்றூருக்குச் செல்லுங்கள். பேராக் ஆற்றின் குறுக்கே செங்கல் தூண்களின்மேல் நிற்கும் விக்டோரியா பாலம் 1897 முதல் 1900 வரை கட்டப்பட்டு, 2002 வரை ரயில்களைத் தாங்கியது. இப்போது அதில் நடந்து செல்லலாம். பக்கத்திலேயே மின்சார ரயிலுக்கான புதிய பாலம் இருப்பதால், பழைய பாலத்தில் நின்றபடி ஈடிஎஸ் கடப்பதைப் படமெடுக்க இதைவிட நல்ல இடம் இந்தப் பாதையில் இல்லை. வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், நிழல் கிடையாது. இரவு ஈப்போவில் தங்கலாம். அவ்வூர் ரயில் நிலையம் ஹபக் என்ற கட்டடக் கலைஞரின் கைவண்ணம்.

நான்காம் நாள் கோலாலம்பூர். செண்ட்ரலில் இறங்கி அங்காடிக்குள் போய்விடாமல், கொமுட்டரில் ஒரு நிலையம் பின்னால் சென்று, அதே ஹபக் வரைந்து 1910-இல் திறக்கப்பட்ட பழைய நிலையத்தில் இறங்குங்கள். கூட்டம் இல்லை, கூரை உயரம், ரயில்கள் அடிக்கடி வருகின்றன. மழை பெய்தாலும் ரயில் பார்க்கத் தலைநகரில் இதைப் போன்ற இடம் இல்லை. பிறகு ஓட்டுநர் இல்லாத கிளானா ஜெயா எல்ஆர்டியின் முன் கண்ணாடியருகே மகனை நிற்க வைத்துவிட்டால் அவன் உங்களைத் தேட மாட்டான்.

நீராவி ரயில் தீபகற்பத்தில் வழக்கமான சேவையாக ஓடுவதில்லை. சபாவில் தஞ்சோங் ஆருவிலிருந்து பாப்பார்வரை விறகால் ஓடும் எஞ்சின் இழுக்கும் சுற்றுலா ரயில் உண்டு. அது வாரத்தில் சில நாள் மட்டுமே. விமானச் செலவும் சேரும். அதை இன்னோர் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஓய்வு பெற்றவன். என் தகப்பனார் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை செய்தவர். ஜனவரியில் குடும்பத்தோடு தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போகிறோம். ஊட்டி மலை ரயிலுக்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதுமா?
(வாசகர், செந்தூல்)

பதில்: முந்தின இரவே மேட்டுப்பாளையத்தில் தங்கினால் போதும். நீராவி எஞ்சின் ஓடுவது மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையில்தான். அந்த ரயில் காலை ஏழு மணியளவில் புறப்பட்டுவிடும். குன்னூரிலிருந்து உதகைவரை டீசல் எஞ்சினில் போய்வந்துவிட்டு மலை ரயிலைப் பார்த்தாயிற்று என்று சொல்பவர்கள் பாதியைத்தான், அதுவும் சாதாரணமான பாதியைத்தான் பார்த்தவர்கள். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறும் செங்குத்தான பாதை என்பதால், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்திருக்கும் பல்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விப் பிடித்து ஏறுகிறது. எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். முன் பெட்டியின் நுனியில் கொடியோடு நிற்கும் ஊழியர்தான் வழி பார்ப்பார். 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டிய இந்த 46 கிலோமீட்டர் பாதை 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இடங்கள் குறைவு, பயணத் தேதி உறுதியானவுடன் முன்பதிவு செய்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து பாதை அடிக்கடி மூடப்படும். ஜனவரியில் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்திருக்கும். திருச்சி வழியாகப் போவதாக இருந்தால் அங்குள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். இம்மலைப் பாதைக்கான புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டியது அதே ஊரின் பொன்மலைப் பணிமனைதான். பட்டறைக்காரர் மகனுக்கு அது சும்மா கடந்துபோகும் ஊர் அல்ல.

கேள்வி: என் தாத்தாவின் தமையனைத் தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை. அந்தப் பாதையைப் பார்க்கப் பினாங்கிலிருந்து ரயிலிலேயே போக முடியுமா?
(ஆசிரியை, சுங்கை பட்டாணி)

பதில்: முடியும். விமானத்தைவிட ரயிலில் போவதே பொருத்தம் என்பது என் எண்ணம். பாடாங் பெசாருக்குக் கொமுட்டரில் சென்றால், இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் அந்த நிலையத்திலேயே முடிந்துவிடும். அங்கிருந்து மாலையில் புறப்படும் படுக்கை வசதி ரயில் மறுநாள் காலை பேங்காக்கை அடையும். காஞ்சனாபுரி வழியாக 'நாம் தோக்' என்ற ஊருக்குச் செல்லும் ரயில்கள் பேங்காக்கின் பெரிய நிலையத்திலிருந்து அல்ல, தோன்புரி நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. ஜப்பானியர் 1942-43 ஆண்டுகளில் பர்மாவரை போட்ட 415 கிலோமீட்டர் பாதையில் தாய்லாந்துப் பகுதியின் ஒரு பங்கில் மட்டுமே இன்று ரயில் ஓடுகிறது. குவாய் ஆற்றுப் பாலத்தைப் பார்த்ததும் இறங்கிவிடாமல், பாறைச் சுவரை ஒட்டி மரக்கால்களின்மேல் ரயில் ஊர்ந்து செல்லும் தாம் கிராசே வரையாவது போங்கள். அங்கேதான் அந்த வேலையின் கடுமை கண்ணுக்குத் தெரியும்.

காஞ்சனாபுரிப் போர்க் கல்லறையில் உள்ளவை நேச நாட்டுப் போர்க் கைதிகளின் கல்லறைகள். தோட்டத் தமிழர்களின் பெயர்களை அங்கே தேடி ஏமாற வேண்டாம். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைப் புதைத்து எழுப்பிய நினைவுத்தூபி அவ்வூரின் வாட் தாவோர்ன் கோயில் வளாகத்தில் இருக்கிறது. பூவும் கற்பூரமும் கொண்டுபோக நினைத்தால் போக வேண்டிய இடம் அதுதான். நம் கிளந்தான் பாதையின் தண்டவாளங்களையும் ஜப்பானியர் பெயர்த்துச் சென்றது இந்தப் பாதைக்காகத்தான். ஒரு சிறு எச்சரிக்கை: தாய்லாந்து நேரம் நம் நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது; சயாம் ரயில் டிக்கெட்டில் இருப்பது அவர்களுடைய நேரம்.

கேள்வி: நிலையங்களில் ரயிலைப் படம் எடுக்கலாமா?
(கல்லூரி மாணவர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: சொந்தப் படம் என்றால் பொதுவாக யாரும் தடுப்பதில்லை, ஆனாலும் பணியில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில நிலையங்களில் டிக்கெட் இல்லாமல் நடைமேடைக்கு விட மாட்டார்கள். அடுத்த நிலையத்துக்கு ஒரு கொமுட்டர் டிக்கெட் வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது. மஞ்சள் கோட்டுக்கு இப்பால் நில்லுங்கள், ஓட்டுநரின் முகத்துக்கு ஃபிளாஷ் அடிக்காதீர்கள். தலைக்கு மேலுள்ள கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. நடைமேடையிலோ மேம்பாலத்திலோ செல்ஃபி குச்சியை உயர்த்துவது விளையாட்டல்ல, தொடாமலேயே தாக்கிவிடும்.