உங்க வீட்டுல எத்தனை அங்குலம் ஏறுச்சு? வடசென்னை மழைக்கால முன்னேற்பாடு: கேள்வி பதில்

ஐப்பசி பிறக்கப் போகுது. ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் இருக்கிறவங்க கேட்ட கேள்விகளும், பல வருஷமா இதையே விருப்பமா வச்சிருக்கிற நம்ம குழு உறுப்பினர் ஒருத்தர் சொன்ன பதில்களும் கீழே.

கேள்வி (புளியந்தோப்பு): அண்ணே, எதுல இருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. முதல்ல என்ன வாங்கணும்?

ஒண்ணும் வாங்காதீங்க. ஒரு இன்ச் டேப்பும் மார்க்கரும் எடுங்க. 2015 டிசம்பர் வெள்ளத்துல, 2023 மிக்ஜாம் புயல்ல உங்க வீட்டுச் சுவர்ல தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சோ அங்க கோடு போடுங்க. வாடகைக்குப் புதுசா வந்திருந்தா எதிர் வீட்டுப் பாட்டியைக் கேளுங்க, அவங்களுக்குத் தெரியாம இருக்காது. அந்தக் கோட்டுக்கு மேல 1 அடி சேர்த்து இன்னொரு கோடு. இப்ப டேப்பைப் பிடிச்சு அளங்க: கீழ் பிளக் பாயிண்ட், ஈபி பாக்ஸ், இன்வெர்ட்டர், ஃப்ரிட்ஜ் மோட்டார், பீரோவோட கீழ் தட்டு, சம்ப் (தரைக்கடித் தண்ணித் தொட்டி) மூடி. ரெண்டாவது கோட்டுக்குக் கீழ என்னென்ன இருக்கோ அதுதான் உங்க வேலைப் பட்டியல்.

நம்ம ஊர்ல முன்னேற்பாடுன்னா காட்டுக்குள்ள ஓடி ஒளியுறது இல்ல. சாமானை மேல ஏத்துறது, ஆளை மேல ஏத்துறது, 3, 4 நாள் தாக்குப்பிடிக்கிறது. அவ்வளவுதான். யூடியூப்ல பார்த்துட்டு வேட்டைக் கத்தியும் பாராகார்டு (கெட்டி நைலான் கயிறு) வளையலும் வாங்கினவங்க வீட்டுல குடிக்க ஒரு கேன் தண்ணி இருக்காது.

கேள்வி (தண்டையார்பேட்டை): 4 பேர் இருக்கோம். தண்ணி எவ்ளோ பிடிச்சு வைக்கணும்?

குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். 4 பேருக்கு 3 நாளைக்கு 48 லிட்டர். குடம் 15 லிட்டர்னு வச்சா 4 குடம், 20 லிட்டர் கேன்னா 3. கை கழுவ, கழிவறைக்கு இது சேராது. அதுக்குத் தனியா ஒரு 200 லிட்டர் டிரம், மொட்டை மாடியிலயோ மேல் படிக்கட்டுலயோ இருக்கணும். கீழ வச்சா வெள்ளம் உள்ள வந்ததும் டிரம்மே மிதந்து கவிழும்.

லாரித் தண்ணியைப் பிடிச்சு மூடி போட்டு வெயில் படாம வைங்க. வாரம் ஒரு தடவை மாத்திடுங்க.

இன்னொண்ணு, நிறைய பேர் மறந்துடுறது: தலைக்கு மேலயே தண்ணி கொட்டுது. 10க்கு 10 அடி தார்ப்பாயை மாடியில நாலு மூலையும் கட்டி, நடுவுல ஒரு கல்லைப் போட்டுத் தொங்கவிட்டு, பள்ளத்துல சின்ன ஓட்டை விட்டு, அதுக்குக் கீழ டிரம் வைங்க. 2 செ.மீ. மழைக்கே 180 லிட்டர் வரும். மணலி, கொடுங்கையூர் பக்கம் இருக்கிறவங்க முதல் கால் மணி நேரத்தை வீணா விட்டுடுங்க. காத்துல இருக்கிற கரியும் தூசியும் அதுலதான் இறங்கும்.

கேள்வி (வியாசர்பாடி): கலங்கல் தண்ணியில நேரா குளோரின் மாத்திரை போட்டா போதுமா?

போதாது. சேறு இருந்தா குளோரினை அதுவே தின்னுடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. முதல்ல தெளிய வைங்க. படிகாரக் கட்டியைக் குடத்துக்குள்ள அஞ்சாறு சுத்து சுத்தி எடுங்க, இல்லன்னா தேத்தாங்கொட்டையைக் குடத்தோட உள்பக்கம் உரசி விடுங்க. சில மணி நேரத்துல வண்டல் அடியில போயிடும். மேல் தண்ணியை மட்டும் நாலு மடிப்பு வேட்டித் துணியில வடிகட்டி, அப்புறம் மாத்திரை. எத்தனை லிட்டருக்கு ஒண்ணுன்னு அட்டையிலயே போட்டிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கண்ணாடி போட்டுப் படிங்க. அரை மணி நேரம் கழிச்சு லேசா குளோரின் வாசனை அடிக்கணும். அடிக்கலன்னா கிருமி, அழுக்கு அதிகம்னு அர்த்தம், இன்னொரு தடவை போடணும். கேஸ் இருந்தா கொதிக்க வைக்கிறதே மேல்: தளதளன்னு 1 நிமிஷம்.

எண்ணெய் மினுமினுப்போ, கெமிக்கல் வாடையோ இருக்கிற தண்ணியை மட்டும் தொடாதீங்க. காய்ச்சினாலும் சரி, மாத்திரை போட்டாலும் சரி, அது போகாது.

கேள்வி (எண்ணூர்): மிக்ஜாம் அப்ப எண்ணெயோட தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சு. சம்ப்லயும் இறங்கிடுச்சு. திரும்ப வந்தா எப்படிக் கழுவுறது?

முதல் தப்பு எல்லாரும் பண்றது: மோட்டாரைப் போட்டு சம்ப் தண்ணியை இறைக்கிறது. எண்ணெய் மேல் டேங்க், குழாய், ஷவர் வரைக்கும் ஏறி ஒட்டிக்கும். அதுக்கப்புறம் மாசக்கணக்குல வாடை போகாது. எண்ணெய் மேலாக மிதக்கும். மூடியைத் திறந்து, பழைய சாக்கு, பஞ்சுத் துணியைக் கயித்துல கட்டி மேல்பரப்புல மட்டும் இழுத்து உறிஞ்ச வைங்க. பிறகு தனி டீசல் பம்பு வச்சு தெருவுல உள்ளவங்க கூட்டா இறைச்சுடலாம். பம்பு வெளியிலதான் ஓடணும். அதோட புகையில மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கு, மூடின இடத்துல ஆளையே சாய்ச்சுடும். சம்ப்புக்குள்ள தனியா யாரும் இறங்காதீங்க. வெளியில ஒருத்தர் கயிறோட நிக்கணும், மூடி திறந்து நல்லா காத்தாடணும்.

உள்சுவரை சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சு ரெண்டு தடவை அலசினதும் பிளீச்சிங் பவுடர். 1000 லிட்டர் கொள்ளளவுக்கு 150 கிராம், வாளியில கரைச்சு தெளிஞ்ச தண்ணியை மட்டும் ஊத்தி, சம்ப்பை நிரப்பி ஒரு ராத்திரி விட்டுக் கொட்டிடணும். அதுக்கப்புறம் வர்ற சாதாரணத் தண்ணிக்கு 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் போதும், 1 மணி நேரம் கழிச்சுப் பயன்படுத்தலாம். பிளீச்சிங் பவுடர் பாக்கெட் பிரிச்சு மாசக்கணக்கா கிடந்தா வீரியம் போயிருக்கும், வாசனையே இல்லாத பவுடர் சுண்ணாம்புக்குச் சமம்.

தரைக்குத் தண்ணி ஊத்தாதீங்க. முதல்ல மரத்தூளோ தென்னை நார்க் கழிவோ தூவி எண்ணெயை உறிஞ்ச விட்டுக் கூட்டி அள்ளுங்க, பிறகுதான் சோப்பு. உடம்புல ஒட்டினதைத் தேங்காய் எண்ணெய் தேய்ச்சுத் துடைச்சா வரும். மண்ணெண்ணெய் வேண்டாம், தோல் வெந்துடும்.

கேள்வி (திருவொற்றியூர்): கேஸ் சிலிண்டர் மிதக்குமா? எங்க வீட்டுல மாமியார் கனமான சாமான் மிதக்காதுன்னு சொல்றாங்க.

மிதக்கும். 14.2 கிலோ சிலிண்டர் முழுசா இருந்தாலும் இரும்போட சேர்த்து 30 கிலோதான் வரும், ஆனா 35 லிட்டர் தண்ணியோட இடத்தை அடைக்கும். காலியானது இன்னும் சுளுவா ஓடும். மிதக்கும்போது ரப்பர் டியூப் இழுபட்டு ரெகுலேட்டர் கழண்டா கேஸ் வெளியாகும். அதனால தண்ணி வாசப்படி தொடும்போதே ரெகுலேட்டரை ஆஃப் பண்ணி, கழட்டி, பாதுகாப்பு மூடியைப் போட்டு, சிலிண்டரை நிமிர்ந்தபடியே ஜன்னல் கம்பியில கயிறு போட்டுக் கட்டுங்க. வெள்ளத்துல நனைஞ்ச ரெகுலேட்டரைத் துடைச்சுட்டுப் போடாதீங்க, உள்ள சேறு இருக்கும், ஏஜென்சியில மாத்திக்கோங்க. வாசனை வந்தா 1906க்குப் போன் பண்ணுங்க. கேஸ் காத்தை விடக் கனம், தரையோட தேங்கும், ஸ்விட்ச்ல கை வைக்காம கதவைத் திறங்க.

கேள்வி (பெரம்பூர்): 150 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கு. எத்தனை மணி நேரம் வரும்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

கணக்கு சின்னதுதான். 150ஐ பேட்டரியோட 12 வோல்ட்டால பெருக்கினா 1800 வாட் ஹவர். முழுசாக் காலி பண்ணக் கூடாது, இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். கைக்கு வர்றது 1200ன்னு வைங்க. கரண்ட் கம்மியா தின்னுற பிஎல்டிசி ஃபேன் 30 வாட், எல்இடி பல்பு ரெண்டு 18, வைஃபை 10, ஆக 58. 20 மணி நேரம் ஓடும். அதே இடத்துல பழைய 75 வாட் ஃபேன் போட்டா 103 வாட், 12 மணி நேரத்தைத் தாண்டாது. அதாவது இன்னொரு பேட்டரி வாங்குற காசுல ஃபேனை மாத்துறது லாபம். 4 வருஷப் பேட்டரின்னா பாதிதான் எதிர்பாருங்க.

கடல் காத்துக்கு பேட்டரியில ஒயர் மாட்டுற டெர்மினல் பச்சை பூக்கும். வெந்நீர்ல கழுவி, காய வச்சு, வாஸ்லின் தடவுங்க. சுவர்ல போட்ட மேல் கோட்டுக்கு மேல கடப்பா கல் ஸ்லாப் போட்டு பேட்டரியை ஏத்துங்க, ஆனா மூடின அலமாரிக்குள்ள அடைக்காதீங்க, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும்.

கேள்வி (காசிமேடு): துறைமுகத்துல 3ம் நம்பர் புயல் எச்சரிக்கைக் கூண்டுன்னா வீட்டை விட்டுக் கிளம்பணுமா?

கூண்டு கப்பலுக்கும் போட்டுக்கும் சொல்ற சேதி. 1, 2ன்னா புயல் தூரத்துல உருவாகியிருக்கு. 3, 4 நம்ம துறைமுகத்துக்கும் மோசமான வானிலை வரலாம். 5ல இருந்து 7 வரைக்கும் ஆபத்து. 8, 9, 10 பெரும் ஆபத்து. 11ன்னா தகவல் தொடர்பே அறுந்துபோச்சு. போட்டைக் கட்டுறதுக்கு இதைப் பாருங்க. வீட்டுக்கு மழை அளவைப் பாருங்க: 24 மணி நேரத்துல 6.5 செ.மீ.க்கு மேல கனமழை, 11.5க்கு மேல மிக கனமழை, 20.4ஐத் தாண்டினா அதி கனமழை. அதி கனமழையும் அமாவாசையோ பௌர்ணமியோ சேர்ந்து வந்தா கூடுதல் ஜாக்கிரதை. கடல் ஏற்றம் அதிகமா இருக்கும், கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் முகத்துவாரத்துல தண்ணியைத் தள்ள முடியாம பின்வாங்கும்.

வர்தா புயல் 2016 டிசம்பர் 12ல வந்தப்போ நடுவுல காத்து சட்டுன்னு அடங்குச்சு. அது புயலோட கண். அப்ப வெளியே போய் வேடிக்கை பார்க்கக் கூடாது. அடுத்த காத்து எதிர்த் திசையில இருந்து அடிக்கும், முதல் அடியில ஆட்டம் கண்ட மரமும் தகரமும் அப்பதான் விழும்.

கேள்வி (எர்ணாவூர்): ராத்திரி கேஸ் வாடை வந்தா என்ன பண்றது சார்? 2023ல அமோனியா வந்தப்போ ஒண்ணும் புரியல.

2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயில இருந்து கசிஞ்சது அமோனியா. மூத்திரக் காட்டம் மாதிரி மூக்கைப் பிடுங்கும், கண் எரியும். அது தண்ணியில நல்லாக் கரையும், அதனால ஈரத்துண்டை மூக்கு, வாய்ல கட்டிக்கிட்டா நகர்ற நேரத்துக்குக் கொஞ்சம் உதவும். கொரோனா மாஸ்க் வாயுவைத் தடுக்காது. வீட்டுக்குள்ள வாடை குறைவா இருந்தா ஜன்னலைச் சாத்தி, ஏசியை நிறுத்தி, கதவிடுக்குல ஈரத்துணி அடைங்க. வெளியேறச் சொன்னா காத்து அடிக்கிற திசையிலயே ஓடாதீங்க, அது உங்க கூடவே வரும். காத்துக்குக் குறுக்கால போங்க. கண்ணுல பட்டா 15 நிமிஷம் சாதாத் தண்ணி ஊத்திட்டே இருக்கணும். கேட்ல ஒரு ரிப்பன் கட்டி வைங்க, ராத்திரியில டார்ச் அடிச்சா காத்துத் திசை தெரிஞ்சுடும்.

கேள்வி (பட்டாளம்): தரைத்தளம். வாசல்ல மணல் மூட்டை போட்டாலும் டாய்லெட் வழியா சாக்கடை பொங்குது.

வாசலை அடைச்சா அது அப்படித்தான் வரும். கெட்டியான பிளாஸ்டிக் கவர் ரெண்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு. உள்ள 12, 15 கிலோ மணல். வாயை முறுக்கிக் கட்டி டாய்லெட் கோப்பைக்குள்ள அமுக்குங்க. பாத்ரூம், சிங்க் துளைக்கும் சின்ன மூட்டை. நிரந்தரத் தீர்வுன்னா சாக்கடைக் குழாயில ஒருவழி வால்வு, ஆனா வருஷம் ஒரு தடவை திறந்து சுத்தம் பண்ணணும்; ஒரு துணி சிக்கினாலும் மூடாது. அதுவரைக்கும் டாய்லெட்டுக்குப் பதிலா மூடி போட்ட வாளியில ரெண்டு கவர், மேல சாம்பலோ மரத்தூளோ. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒண்ணா ஊத்தினா குளோரின் வாயு கிளம்பும், அதை மட்டும் செய்யாதீங்க.

கேள்வி (கொருக்குப்பேட்டை): அடுப்பு மூட்ட முடியலன்னா சாப்பாடு?

அவல். ஒரு வேளைக்கு ஆளுக்கு 100 கிராம். 4 பேருக்கு, நாளுக்கு 2 வேளை, 3 நாளைக்கு இரண்டரை கிலோ. கூட வெல்லம் 1 கிலோ, பொட்டுக்கடலை 1 கிலோ, பேரீச்சை அரை கிலோ, கடலை மிட்டாய், ரஸ்க், பால் பவுடர். கருவாடு இருக்கேன்னு நினைக்காதீங்க. உப்புக்குத் தாகம் எடுக்கும், தண்ணிக் கணக்கு உதைக்கும். ஃப்ரிட்ஜைத் திறக்காம இருந்தா 4 மணி நேரம் தாங்கும், முதல்ல அதுல இருக்கிறதைத் தீர்த்துடுங்க.

கேள்வி (ராயபுரம்): தம்பி, எனக்கு இன்சுலின் ஊசி. கரண்ட் போனா கெட்டுப்போயிடுமா?

உடனே கெடாதும்மா. போட்டுக்கிட்டு இருக்கிற பாட்டில் வெயில் படாத, 30 டிகிரிக்குள்ள இருக்கிற இடத்துல பெரும்பாலும் 4 வாரம் தாங்கும். உங்க மருந்துக்கு எத்தனை நாள்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு டப்பாமேல எழுதிடுங்க. பிரிக்காததுக்குப் பெரிய மண்சட்டிக்குள்ள சின்னச் சட்டி, நடுவுல ஈர மணல், மேல ஈரத்துணி. மழைக்காலத்து ஈரக்காத்துல இது கோடையில குளிர்ற அளவுக்குக் குளிராது, ஆனா அப்ப வெயிலும் இல்லயே. ஐஸ்ல நேரா புதைக்காதீங்க, உறைஞ்சா மருந்து வீண். 7 நாள் மாத்திரை, ஊசி எப்பவும் தனிக் கவர்ல இருக்கட்டும்.

கேள்வி (மூலகொத்தளம்): முகாமுக்குக் கிளம்பச் சொன்னா பையில என்ன?

6 கிலோவைத் தாண்டாத பை. ஒரு கையில குழந்தை இருக்கும்னு நினைச்சு அடுக்குங்க. ரேஷன் கார்டு, ஆதார், பத்திரம் ஜிப் கவர்ல, மருந்து, 10, 20, 50, 100 நோட்டா 3000 ரூபாய் (டவர் போனா யுபிஐயும் போச்சு), பவர் பேங்க், லுங்கி, துண்டு, நாப்கின், விசில், மூக்குக்கண்ணாடி. தெருவுல இறங்கும்போது 6 அடிக் கம்பால முன்னாடி தரையைக் குத்திப் பார்த்து நடங்க, மூடி திறந்த மேன்ஹோல் தண்ணிக்கடியில தெரியாது. ஈபி பில்லர் பாக்ஸ் (தெருவோர கரண்ட் பெட்டி) பக்கமே போகாதீங்க. முழங்காலுக்கு ஓடுற தண்ணின்னா திரும்பி மாடிக்கே ஏறுங்க. 1913 மாநகராட்சி, 1077 மாவட்டம், 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை. வெள்ளத்துல நடந்து ஒரு வாரம், 10 நாள் கழிச்சு காய்ச்சல், கெண்டைக்கால் வலின்னா எலிக்காய்ச்சலா இருக்கலாம்; தண்ணியில நடந்ததை டாக்டர்கிட்ட சொல்லுங்க.

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை): இதெல்லாம் எப்பப்ப சரிபார்க்கணும்? எனக்கு ஞாபகமே இருக்காது.

ஆயுத பூஜை அன்னைக்கு எப்படியும் சாமானைத் துடைச்சுப் பொட்டு வைப்பீங்க. அப்ப டார்ச், பேட்டரித் தண்ணி, ரப்பர் டியூப், மாத்திரைத் தேதி எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க. டார்ச்ல செல் போட்டே வைக்காதீங்க, கசிஞ்சு ஸ்பிரிங்கைத் தின்னுடும். பவர் பேங்குக்கு 3 மாசத்துக்கு ஒரு சார்ஜ். வண்டு விழுறதுக்கு முன்னாடி, பொங்கலுக்குள்ள அவலைத் தின்னு தீர்த்துடுங்க. தார்ப்பாயைக் காய வச்சு, வேப்பிலை போட்டுச் சுருட்டி உத்திரத்துல தொங்கவிடுங்க, தரையில கிடந்தா எலி கடிச்சு அடுத்த மழைக்குள்ள சல்லடையாயிடும்.