ஏ.எம்.எச். 0.7 ஆ, 5 ஆ? எதை நம்புவது?

கேள்வி: டாக்டர், எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறை பக்கம். எனக்கு வயது 34, பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன், கணவருக்குத் தேங்காய் வியாபாரம். இரண்டு வருஷமாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். கோயம்புத்தூரில் ஒரு டாக்டர், சினைப்பையில் முட்டை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஏ.எம்.எச். ரத்த டெஸ்ட் பார்த்துவிட்டு, 0.7தான் இருக்கிறது, டோனர் முட்டை, அதாவது வேறொரு பெண் தானமாகத் தரும் முட்டை வைத்து ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவாக்கும் முறை) செய்துவிடலாம் என்றார். மூன்று நாள் சாப்பாடே இறங்கவில்லை. அத்தை தெரிந்த வைத்தியரிடம் லேகியம் வாங்கித் தந்தார்கள், மூன்று மாதம் சாப்பிட்டேன். இப்போது பாலக்காட்டில் வேறு லேபில் எடுத்ததில் 5 என்று வந்திருக்கிறது. இன்னும் மூன்று மாதம் சாப்பிட்டால் முழுசாகச் சரியாகிவிடும் என்கிறார்கள் அத்தை. காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம்மா. நீங்கள் அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்ணுக்கு அடுத்து சின்ன எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். முதல் லேப் மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று கொடுத்திருக்கிறது, இரண்டாவது லேப் லிட்டருக்கு இத்தனை பிகோமோல் என்று கொடுத்திருக்கிறது. முதல் கணக்கை 7.14-ஆல் பெருக்கினால் இரண்டாவது கணக்கு வரும். 0.7-ஐப் பெருக்கிப் பாருங்கள், 5தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அத்தை மேல் கோபப்படாதீர்கள், அவர்கள் ஆசையில் செய்தது. ஆனால் லேகியத்தை இன்றோடு நிறுத்துங்கள், பிறக்கும்போதே சினைப்பையில் வந்த முட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிற மருந்து எந்த வைத்தியத்திலும் கிடையாது.

சரி, 0.7 என்றால் என்ன? குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் இந்த டெஸ்ட் சொல்வது ஒன்றே ஒன்று: ஊசி போட்டு முட்டை வளர்த்தால் ஒரு தடவைக்கு ஏறக்குறைய எத்தனை கிடைக்கும் என்பது. முட்டை நல்ல முட்டையா என்பதை இது சொல்லாது, அதைப் பெரும்பாலும் வயதுதான் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் 30 முதல் 44 வயது வரையுள்ள, குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2017-ல் வெளியிட்டார்கள், அதில் ஏ.எம்.எச். 0.7-க்குக் கீழே இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவேதான் இயற்கையாகக் கருத்தரித்தார்கள். நீங்கள் இரண்டு வருஷம் முயற்சி செய்தவர், அதனால் அந்த ஆய்வு உங்களுக்கு அப்படியே பொருந்தாது, ஆனாலும் 34 வயது உங்கள் பக்கம் இருக்கிறது. முட்டை கொஞ்சம், ஆனால் இளமையான முட்டை.

அதனால்தான் எடுத்த எடுப்பிலேயே டோனர் முட்டை என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய நம் நாட்டின் 2021-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 50 வயது வரை இந்தச் சிகிச்சை செய்யலாம், அதனால் அந்த வழி நாளைக்கே அடைபட்டுவிடாது. உங்கள் சொந்த முட்டைக்குத்தான் காலம் ஓடுகிறது. முதலில் அதை முயன்று பாருங்கள்.

ஒன்று கேட்கிறேன், இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், கணவருக்கு விந்தணுப் பரிசோதனை செய்தீர்களா என்று ஒரு வரி இல்லையே? முதலில் அது. அப்புறம் உங்களுக்குக் கருக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே, தைராய்டு, சர்க்கரை. மாதவிலக்கின் 2-ம் அல்லது 3-ம் நாள் ஸ்கேன் செய்து இரண்டு சினைப்பையிலும் சேர்த்துச் சின்னச் சின்ன ஃபாலிக்கிள்கள் (முட்டை வளரும் பைகள்) எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள், 5-க்குக் கீழே என்றால் மிகக் குறைவு. அம்மாவுக்கு 40 வயதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றதா, உங்களுக்குச் சினைப்பையில் ஏதாவது ஆபரேஷன் நடந்ததா, இதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

குழாயும் விந்தணுவும் சரியாக இருந்து நீங்கள் ஐ.யு.ஐ. (விந்தணுவை நேரே கருப்பைக்குள் செலுத்துவது) செய்து பார்க்க ஆசைப்பட்டால் இரண்டு மூன்று தடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் நேரே ஐ.வி.எஃப். பக்கம்தான் போகச் சொல்வேன். அதில் மூன்று நான்கு முட்டை கிடைத்தாலே உங்களைப் பொறுத்தவரை நல்ல அறுவடை. எடுத்தது எல்லாம் முதிர்ந்திருக்காது, முதிர்ந்தது எல்லாம் கருவாகாது. ஆகவே ஒரே தடவையில் முடியும் என்று நகையை எல்லாம் அடகு வைத்து இறங்காமல், இரண்டு தடவைக்குப் பணம் பிரித்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். இரண்டு தடவையும் முட்டை எடுத்து, கருவை உறைய வைத்துச் சேர்த்துக்கொண்டு, அப்புறம் கருப்பையில் வைக்கலாமா என்று கேளுங்கள். ஒரே ஒரு ஃபாலிக்கிள்தான் வளர்ந்தது என்றால் நிறுத்துவீர்களா, எடுப்பீர்களா, நிறுத்தினால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். முட்டை வளர்க்கும் ஊசி மருந்தின் அளவைக் கூட்டக் கூட்ட முட்டை கூடும் என்பதும் இல்லை, ஒரு நாளைக்கு 300 யூனிட்டுக்கு மேல் போனால் பெரும்பாலும் செலவுதான் கூடும். டி.எச்.ஈ.ஏ. மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள், அது ஹார்மோன். சினைப்பைக்குள் பி.ஆர்.பி. ஊசி (உங்கள் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துப் போடுவது) இன்னும் சோதனைக் கட்டத்தில் இருப்பது. ஃபோலிக் ஆசிட் மட்டும் இன்றே ஆரம்பியுங்கள்.

ஊசி பத்து நாள் போல இருக்கும், நடுவில் நான்கைந்து ஸ்கேன், பெரும்பாலும் காலையில், அதாவது பால் ஊற்ற வரும் நேரத்தில். சொசைட்டியில் முன்கூட்டியே சொல்லி ஆள் ஏற்பாடு செய்யுங்கள். ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். வேலந்தாவளம் வழியாக பஸ்ஸில் வரும்போது ஐஸ் பேக் போட்ட பெட்டியில் கொண்டுவாருங்கள், மருந்து ஐஸைத் தொடாமல் நடுவில் ஒரு துணி இருக்கட்டும், உறைந்துபோனால் வீண்தான். கடைசி ஊசியில் மட்டும் மணி தவறவே கூடாது. இரவு 9.30-க்குப் போடச் சொன்னால் 9.30-க்குத்தான், ஏனென்றால் அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரம் கணக்கு வைத்து, மறுநாள் விட்டு அடுத்த நாள் காலையில் முட்டையை எடுப்பார்கள். அன்று மயக்க மருந்து தருவார்கள், தனியாகத் திரும்ப முடியாது. தேங்காய் லோடு எது வந்தாலும் கணவர் அன்றைக்குக் கூட வர வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.