சோலார் பேட்டரி வாங்கும் முன்: மதுரைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

திருமங்கலத்திலிருந்து: அண்ணே, ராத்திரி எட்டு மணி நேரம் ரெண்டு ஃபேன், நாலு மணி நேரம் மூணு லைட் ஓடணும். 150 ஏஎச் பேட்டரி ஒண்ணு போதுமா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம் தம்பி. பழைய ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். ரெண்டும் எட்டு மணி நேரம் ஓடினால் 1,200 வாட் அவர் (வாட்டை மணி நேரத்தால் பெருக்கினால் வருவது). 9 வாட் எல்இடி மூன்றுக்கு நாலு மணி நேரத்தில் 108. இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து 1,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் அவர்) டியூபுலர், அதாவது தண்ணீர் ஊற்றும் லெட் ஆசிட் பேட்டரியில் இருப்பது 12 பெருக்கல் 150, 1,800 வாட் அவர். ஆனால் தினமும் பாதிக்கு மேல் காலி செய்தால் அது சீக்கிரம் படுத்துவிடும். ஆக, நம்பி எடுக்கக்கூடியது 900தான். போதாது.

அதற்காக உடனே இன்னொரு பேட்டரி வாங்கிவிடாதீர்கள். முதலில் ஃபேனை மாற்றுங்கள். பிஎல்டிசி என்கிற, கரண்டை மிச்சப்படுத்தும் மோட்டார் உள்ள ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். 1,200 வாட் அவர் 480 ஆகிவிடும். லைட்டையும் சேர்த்து அந்த ஒரே பேட்டரி தாங்கும். பேட்டரி விற்கிற கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்கள் பிழைப்பு அது.

மேலூரிலிருந்து: இன்வெர்ட்டர் பேட்டரி, சோலார் பேட்டரி ரெண்டிலும் 150 ஏஎச் என்றுதான் போட்டிருக்கிறது. விலை மட்டும் ஏன் வேறு?

பதில்: ஸ்டிக்கரில் சி10, சி20 என்று பக்கத்தில் இருக்கும், அதைப் பாருங்கள். சி10 என்றால் பத்து மணி நேரத்தில் காலி செய்தாலும் 150 கிடைக்கும். சி20 என்றால் இருபது மணி நேரம் மெதுவாக எடுத்தால்தான் அந்த 150. வேகமாக இழுத்தால் குறையும். சோலாரில் தினமும் சார்ஜ் ஏறி இறங்கும் என்பதால் சி10 வாங்குங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து: பழைய கார் பேட்டரி சும்மா கிடக்கு, போடலாமாண்ணே?

பதில்: வேண்டாம். அது வண்டியை ஸ்டார்ட் பண்ண மட்டும்தான்.

அண்ணாநகரிலிருந்து: லித்தியம் பேட்டரி வெயிலில் வெடிக்கும் என்று மகன் பயமுறுத்துகிறான். மொட்டை மாடியில் தகர ஷெட் இருக்கிறது. எதை வாங்கி வைக்கலாம் சார்?

பதில்: அம்மா, முதலில் அந்த ஷெட்டை மறந்துவிடுங்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். சித்திரையில் நம்ம ஊர் 40ஐத் தொடும்போது தகரத்துக்கு அடியில் எப்படி இருக்கும்! லித்தியத்துக்கும் அந்தச் சூடு ஆகாது. மாடிப்படிக்கு அடியில், காற்றோட்டமாக வையுங்கள். டியூபுலர் என்றால் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். விளக்கேற்றும் பூஜை அறைப் பக்கம் கூடவே கூடாது.

வீட்டு சோலாருக்குப் பெரும்பாலும் வருவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். மற்ற லித்தியம் வகைகளைவிட இது சூடு தாங்கும், அவ்வளவு எளிதில் தீப்பிடிக்காது. 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம், தண்ணீர் ஊற்றும் வேலையில்லை. கையில் பணமிருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் எலக்ட்ரானிக் போர்டு) இல்லாமல் யாரோ கோத்துக் கொடுக்கிற மலிவுப் பேட்டரி மட்டும் வேண்டாம். உங்கள் இன்வெர்ட்டரில் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

புதூரிலிருந்து: மானியத்தில் 3 கிலோவாட் ஆன்கிரிட் போட்டோம். கரண்ட் போனால் பட்டப்பகலிலும் எதுவும் ஓடவில்லை. பேனல் பழுதா?

பதில்: பழுதில்லை. ஆன்கிரிட் என்றால் பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடுவது. லைன்மேன் கம்பியில் கை வைத்திருக்கும்போது உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் போய்விடக் கூடாது என்று இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். அப்போதும் ஓட வேண்டுமென்றால் பேனலையும் பேட்டரியையும் சேர்த்து இயக்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் உங்களுக்குக் கிடைக்கிற 78,000 ரூபாய் சோலாரின் கிலோவாட்டை வைத்துத்தான்; பேட்டரிக்குத் தனி மானியம் கிடையாது. எப்போதாவதுதான் கரண்ட் போகிறது என்றால் அவ்வளவு செலவு எதற்கு? சாதாரண இன்வெர்ட்டரும் ஒரு பேட்டரியும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாடிப்பட்டியிலிருந்து: டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோச்சு. ஆர்ஓ தண்ணி ஊத்தலாமா?

பதில்: கூடாது. அதிலும் உப்பு மிச்சம் இருக்கும். டிஸ்டில்டு வாட்டர் கேனே வாங்கி வந்து ஊற்றுங்கள்.